நாலு எண்ணெயும் ஒரு கல்லும்

தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது. ஜனவரி மாதத்தில், ஊட்டியை ஒட்டிய எங்கள் காந்தலில், இது ஒரு செய்தியே இல்லை. புட்டியைக் கவிழ்த்துத் தட்டினாலும் வராது. வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுப்போரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அன்று எனக்கு இரண்டுக்கும் நேரமில்லை. சீப்பின் காம்பை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வெளியே அப்பாவின் மோட்டார் சைக்கிளும் இதே குளிரில்தானே நிற்கிறது? அதன் வயிற்றுக்குள் இருப்பதும் எண்ணெய்தானே?

பாதித் தலையில் எண்ணெயும் மீதித் தலையில் சிக்குமாக வாசலுக்கு ஓடினேன். மூன்று மாதமாக என்னைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்த புகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இந்த ஊர்க் குளிருக்குப் பொருந்தாத எண்ணெய் உள்ளே இருக்கிறது. சரியான எண்ணெயைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டால் முடிந்தது. அவ்வளவு எளிது!

அது என்னைவிட வயதில் மூத்த வண்டி. முந்நூற்றைம்பது சிசி, இரும்பு இன்ஜின். அப்பா இருபத்தாறு வருடம் அதில்தான் தொழிற்சாலைக்கு ஷிப்டு போய்வந்தார். முட்டி தேய்ந்து கிக்கரை உதைக்க முடியாமல் போன பிறகு, ஒரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஐப்பசி மாதத்தில் நான்தான் அதை வெளியே எடுத்தேன். துடைத்தேன், பேட்டரி மாற்றினேன், எண்ணெயின் அளவைப் பார்த்தேன், குறைவாக இருந்தது, ஊற்றினேன். பத்தே நாளில் நீலப் புகை ஆரம்பித்தது. நான் கிக்கரில் காலை வைத்ததும் எதிர் வீட்டு அக்கா கொடியில் காயும் துணியை எடுக்க ஓடிவருவார். என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார். துணிகளிடம்தான் சொல்வார்: "வாங்க சாமிகளா, உள்ள போயிரலாம்."

புகையோடு வாழ்ந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வண்டியின் பதிவு ஜனவரி கடைசியோடு முடிகிறது. இவ்வளவு பழைய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற புகையோடு போனால் கையெழுத்து கிடைக்காது. கோயமுத்தூரில் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி உதிரியாக விற்கிற ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை அப்பாவுக்குப் போன் செய்திருந்தார்.

"பேப்பரப் புதுப்பிச்சுட்டீன்னா வண்டி உனக்கு," என்று அப்பா சொல்லியிருந்தார். "இல்லீன்னா அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி அந்தாள வரச் சொல்லிப்போடுவேன். பேப்பரில்லாத வண்டிய வாசல்ல நிறுத்தி நான் என்ன, பூப் போட்டுக் கும்பிடறதா?"

ஆகவே எண்ணெய். நான் வேதியியல் படித்தவள். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் தூளின் ஈரப்பதம் அளப்பது என் வேலை. பாகுத்தன்மை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிரோடு அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தைத் திறந்தேன்.

திறந்திருக்கக் கூடாது. பழைய வண்டிக்காரர்களின் குழு ஒன்றில் நாற்பது பக்க விவாதம் கிடந்தது. முதல் பக்கத்தில் ஒருவர் மரியாதையாகக் கேட்கிறார்: என் வண்டிக்கு எந்த எண்ணெய் நல்லது? நாற்பதாம் பக்கத்தில், அந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒருவர் குலத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்ட மனிதர் மூன்றாம் பக்கத்திலேயே வண்டியை விற்றுவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். டப்பாவில் 20W-50 என்று போட்டிருந்தால், முதல் எண் குளிரில் அது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. சின்ன எண்ணாக இருந்தால் நன்றாக ஓடும். இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வண்டியில் அப்போது இருந்தது இந்த இருபது-ஐம்பதுதான். இருபது எனக்குப் பெரிய எண்ணாகத் தெரிந்தது. தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொண்டேன். பத்து வேண்டும்.

மார்க்கெட் பக்கத்து உதிரிபாகக் கடையில் கேட்டேன்.

"ஸ்கூட்டிக்குங்களா அம்மிணி?"

"இல்லீங்க. முந்நூத்தம்பது சிசி. இரும்பு இன்ஜின்."

"அண்ணன் வண்டிங்களா?"

"என்னுதுங்க."

கடைக்காரர் என்னையும் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையையும் பார்த்தார். "ஒண்ணு செய்யுங்க. ஊட்ல கேட்டுட்டு வந்துருங்க, எந்த ஆயிலுன்னு."

"ஊட்ல கேட்டா என்னத்தானுங்க கேக்கச் சொல்லுவாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"பத்து-முப்பது."

"அது ஸ்கூட்டி ஆயிலுங்களே! அதத்தான நான் மொதல்லயே கேட்டேன்?"

அன்று சாயங்காலமே மாற்றினேன். எங்கள் தெருவில் எல்லா வண்டியும் மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்துத்தான் நிற்கும். காலையில் கிளம்பாவிட்டால் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டு உருட்டினால் போதும், இறக்கத்திலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கல் உண்டு. எங்களுடையது மூலை உடைந்த கருங்கல். அடுத்தவர் எடுத்துப் போகாமல் இருக்க அப்பா அதற்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். கல்லை வைத்து, அடியில் திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்து, புதியதை ஊற்றினேன். அளவுக் குச்சியில் மேல்குறி நனையும்வரை ஊற்ற வேண்டும் என்பது விதி. வண்டியோடு வந்த புத்தகம் இரண்டேகால் லிட்டர் போதும் என்றது. குறி நனைய ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆனது. புத்தகம் வேறு மாதிரி வண்டிக்காக அச்சடித்ததாக இருக்கும் என்று முடிவு செய்தேன். குச்சி கண் முன்னால் இருக்கிறது, புத்தகம் என்றோ எழுதியது; எதை நம்புவது?

மறுநாள் காலை புகை இரண்டு மடங்கு. போதாததற்கு இன்ஜினுக்குள் யாரோ தையல் மெஷின் ஓட்டுவதுபோல் ஒரு சத்தம்.

அடுத்த வீட்டு அண்ணன் ஜீப்பில் பச்சைத் தேயிலை ஏற்றுகிறவர். சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணியாட்ட ஆயில ஊத்திப்போட்டயே கண்ணு. டீசல் ஆயிலு ஊத்து. என் ஜீப்பு முப்பது வருசமா அதத்தான் குடிக்குது."

"உங்க ஜீப்பு புகையறதில்லீங்களாண்ணா?"

"புகையும். ஆனா நிக்காது."

டீசல் எண்ணெய் ஊற்றினேன். தையல் மெஷின் நின்றது. புகை நிற்கவில்லை. எஸ்டேட் மேட்டில் எனக்குப் பின்னால் வந்த பஸ் டிரைவர் ஒரு வளைவு முழுக்க ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின் டயரில் எண்ணெய் தெறித்து மினுமினுத்தது. குச்சியைப் பார்த்தால் குறிக்குக் கீழே. குடிக்கிறது, கக்குகிறது, இன்னும் கேட்கிறது! மேலும் கால் லிட்டர் ஊற்றினேன்.

இனி ஊகம் கூடாது, சோதனை வேண்டும் என்று தோன்றியது. நாலு மருந்துப் புட்டிகளில் நாலு எண்ணெய்களை எடுத்தேன்: வண்டியில் முதலில் இருந்த இருபது-ஐம்பதில் மிச்சம் கிடந்தது, ஸ்கூட்டிக்கானது, ஜீப்புக்கானது, நான்காவதாகப் புத்தகத்தில் பரிந்துரைத்திருந்த, இன்று யாரும் எளிதில் விற்காத, இணையத்தில் தேடி வரவழைத்த ஒற்றை நாற்பது. ஒற்றை என்றால் குளிருக்கு என்று தனி எண் கிடையாது, கெட்டியோ கெட்டி. நான்கையும் சன்னல் வெளிக்கட்டையில் வரிசையாக வைத்தேன். உறைபனி விழுந்த காலையில் ஒவ்வொன்றாகச் சாய்த்து எது எத்தனை நொடியில் வழிகிறது என்று குறித்துக்கொள்வது திட்டம். விடிந்து போய்ப் பார்த்தால் புட்டிகள் உயர வரிசைப்படி அழகாக உள்பக்கம் நின்றிருந்தன.

"அம்மா! இதத் தொட்டீங்களா?"

"தூசி தட்டறதுக்குத் தூக்கி வெச்சேன். அதுக்கா இந்தக் குதி குதிக்கறே?"

"எது எங்க இருந்துச்சும்மா?"

"எனக்கென்ன தெரியும்? நாலுந் தேன் கலர்லதான் இருந்துச்சு."

லேபிள் ஒட்டாதது என் தப்பு. வேலை செய்கிற இடத்தில் ஒரு மாதிரிப் புட்டியை இப்படி வைத்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை. அம்மாவும் விடவில்லை.

"உங்கப்பா ஓட்டறப்ப இப்படிப் பொகஞ்சுதா? நீ எண்ணெய் ஊத்த ஊத்தத்தான் பொகையுது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

இந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

மிஞ்சியது ஒற்றை நாற்பது. புத்தகத்திலும் ஒரு குழப்பம் இருந்தது: வெப்பமான இடத்துக்கு நாற்பது, குளிரான இடத்துக்கு முப்பது. ஊட்டி எது? காலையில் தண்ணீர்த் தொட்டி மேல் பனி. மத்தியான வெயிலில் தோல் உரிகிறது. நான் தினமும் குன்னூர் இறங்கி ஏறுகிறேன், வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் வரைகூடப் போகிறேன். ஒரே நாளில் மூன்று தட்பவெப்பத்தைப் பார்க்கிற வண்டிக்கு அந்தப் புத்தகத்தை எழுதியவரிடம் பதில் இல்லை. நாற்பதை ஊற்றினேன். மறுநாள் காலை கிக்கர் அசையவே இல்லை. ஏறி நின்று குதித்தேன், அப்போதும் அசையவில்லை. கல்லை எடுத்து உருட்டிக் கிளப்பினேன். வண்டி ஒரு மேகத்தை விட்டுவிட்டு நகர்ந்தது. எதிர் வீட்டுக் கொடியில் துணியே இல்லை. அக்கா முன்யோசனைக்காரர்.

அப்பா நாற்காலியில் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "செவ்வாய்க்கெழமதான ஆபீசரு பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். அன்று ஞாயிறு.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். ஆய்வு மைதானத்தில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையில் நின்றன. எனக்கு முன்னால் கூடலூர்ப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர். நரைத்த மீசை, காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். அடக்கமாக முறுக்கி, கொஞ்சமாகப் புகைத்து, வரிசையின் கடைசிக்கு வந்து இன்ஜினை அணைத்தேன். நடு ஸ்டாண்டு போட்டேன். தோள்பைக்குள் கைவிட்டு நீலக் கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். வெளியே எங்கு போனாலும் அதையும் கொண்டுபோவது பழக்கம்.

ஆட்டோக்காரர் சத்தமாகச் சிரித்து, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "எந்தா மோளே, இங்கயும் கல்லா? இது நெரப்பான தரையல்லே! தள்ளினாக்கூட வண்டி ஓடாது, பாரு."

நெரப்பான தரை. சமதரை.

நான் கல்லைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். நேற்றைய மழைத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அகலமாகத் தேங்கியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நான் பார்த்ததே இல்லை. குனிந்து அளவுக் குச்சியை உருவினேன். வீட்டில் கிளம்பும் முன்புதான் பார்த்திருந்தேன், மேல்குறியில் சரியாக நின்றிருந்தது. இப்போது குறிக்கு மேலே இரண்டு விரற்கடை, குச்சியின் கழுத்துவரை எண்ணெய். துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதேதான்.

எங்கள் வண்டியில் எண்ணெய் தேங்கும் அறையின் பின்மூலையில்தான் குச்சி இறங்குகிறது. மூக்கைக் கீழே வைத்து நின்றால் எண்ணெய் முழுக்க முன்பக்கம் ஒதுங்கிவிடும். பின்னால் இருக்கும் குச்சி குறைவு, குறைவு என்று சொல்லும். நான் ஊற்றுவேன். மறுபடி குறைவு என்று சொல்லும். மறுபடி ஊற்றுவேன். ஐப்பசியில் முதல் நாள் தொடங்கியது இதுதான். புத்தகம் சொன்ன இரண்டேகால் லிட்டர் சரி. அம்மா சொன்னதும் சரி. நான் மாற்றிய எந்த எண்ணெயும் புகைக்குக் காரணம் இல்லை. நான்கையும் ஒரே மாதிரி அதிகமாக ஊற்றியிருக்கிறேன், மிஞ்சியது உள்ளே எரிந்து புகையாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். தினமும் அளவு ஜாடியைச் சமமான மேசையில் வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, கோட்டைப் படிக்கிறவள் நான்! சாய்ந்த ஜாடியில் படித்த அளவை ஒரு புது ஆள் கொண்டுவந்து நீட்டினால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

"எந்தா, எண்ணெய் கொறவா? என்கிட்ட உண்டு, தரட்டே?" என்றார் ஆட்டோக்காரர்.

"வேண்டாங்கண்ணா," என்றேன். "தயவுசெஞ்சு வேண்டாம்."

அங்கேயே திருகைக் கழற்றி மைதானத்தில் எண்ணெயை வடிக்க முடியாது. கையில் ஸ்பேனரும் இல்லை, பாத்திரமும் இல்லை. முறை வந்தது. ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தலையாட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க."

சமதரையில் உருட்டிக் கிளப்ப வழியில்லை; நான்காவது உதையில் பிடித்தது. ஆய்வாளர் இரண்டடி பின்னால் போனார். பிறகு இன்னும் இரண்டடி.

"என்னம்மா, கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?"

"ஆயில் அதிகமாயிருச்சு சார். இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"இப்பன்னா?"

"இப்ப, இந்தக் கியூவுல நிக்கறப்ப. இங்க தரை சமமா இருக்குதுங்களா, அதனால..."

இதுபோன்ற விளக்கத்தை அவர் அதுவரை கேட்டதில்லை என்று நினைக்கிறேன். "மத்ததெல்லாம் சரியா இருக்கு. சரி பண்ணி அடுத்த செவ்வாய் கொண்டாங்க. இந்த மாசத்துல அதுதான் கடைசி நாள்," என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்ற வேனைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன்னால் நின்றேன்.

"அப்பா, நீங்க ஆயில் அளவு எங்க வெச்சுப் பாப்பீங்க?"

"எங்கன்னா? கம்பெனி சைக்கிள் ஷெட்டுல. சிமெண்டுத் தரை. ஷிப்டு முடிஞ்சு கெளம்பறப்ப."

"ஊட்ல பாக்கமாட்டீங்களா?"

"ஊட்ல எப்படிப் பாக்கறது? வாசல்ல தட்டு வெச்சா கொழம்பே ஒரு பக்கமா ஓடுது."

"இத ஏம்ப்பா என்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க கேட்டே? எந்த ஆயிலு, எந்த ஆயிலுன்னுதான் மூணு வாரமா கேட்டுட்டிருந்தே."

"சரி. எந்த ஆயில்தான் ஊத்துவீங்க?"

அப்பா யோசித்தார். "பங்க்குல எது இருக்குதோ அது."

ஹெல்மெட்டோடு போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது: "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

பங்க்கில் எது இருக்கிறதோ அது என்று விட என்னால் முடியாது. அவ்வளவு தோற்க நான் தயாராக இல்லை. ஸ்கூட்டி எண்ணெயில் தையல் மெஷின் கேட்டது, அது இந்தப் பழைய இரும்புக்கு மெலிசு. ஒற்றை நாற்பதில் காலைக் கிக்கர் அசையவில்லை. ஜீப்பு எண்ணெயை ஜீப்பே குடிக்கட்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது இருபது-ஐம்பது: காலையில் ஓடும், குன்னூர் ஏற்றத்தில் நிற்கும், எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதாவது நான் தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு வாசலுக்கு ஓடிய அன்று உள்ளே இருந்த அதே எண்ணெய்.

எதை ஊற்றுவது என்பது தீர்ந்துவிட்டது. எங்கே ஊற்றுவது என்பதுதான் இப்போது பிரச்சினை. காந்தலில் சமதரைக்கு எங்கே போவது? பள்ளிக்கூட மைதானத்துக் காவலாளி "வண்டியா? கிரவுண்டுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டுக் கேட்டைச் சாத்திவிட்டார். கடைசியில் எதிர் வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். அவர் வீட்டுக்காரர் கொத்தனார். இனிமேல் துணி காயவைக்கலாம் என்று சத்தியம் செய்த பிறகு, தரை சமமா என்று பார்க்கிற அவருடைய ரசமட்டத்தை ஒரு நாள் இரவல் தருவதாக ஒப்புக்கொண்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைச் சூடேற்றி, எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை வடிப்பேன். முன்சக்கரத்தின் அடியில் பலகை மேல் பலகையாக அடுக்கி, இன்ஜின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை உயர்த்துவேன். சோதனைக்கூடத்தில் அனுமதி கேட்டு வாங்கி வந்த அளவு ஜாடியில் இரண்டேகால் லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. அதன் பிறகுதான் குச்சி. குச்சியும் ஜாடியும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள அப்பா சம்மதித்திருக்கிறார், வேலை முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்ற வாக்குறுதியோடு. அதைத்தானே இத்தனை நாளும் செய்தார். இந்த முறை நானே கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். டயர் காற்று எங்கே வைத்துப் பார்ப்பீர்கள் என்பது முதல் கேள்வி.